குழாயின் இன்னொரு கை

சூடான இஸ்திரி ரோலரிலிருந்து வெளியே வரும் படுக்கை விரிப்பை, ஈரம் இருக்கிறதா என்று பெரியக்கா கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். கையால் தொட்டால் சூடு ஏமாற்றிவிடும், கன்னத்தை ஏமாற்ற முடியாது என்பாள். கன்னத்தில் வைத்தவள் முகம் சுளித்தால் அந்த விரிப்பு மறுபடியும் ரோலருக்குப் போகும். அந்த மழைக்காலத்தில் அவள் முகம் சுளித்துச் சுளித்தே பாதி வேலை நேரம் போய்விட்டது.

நான் அந்த லாண்டரியில் வேன் ஓட்டினேன். அழுக்கு மூட்டையைக் கொண்டுவருவேன், வெளுத்த மூட்டையைக் கொண்டுபோவேன். ஊர் அழுக்கெல்லாம் என் முதுகில் ஏறி இறங்கியது என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். பெரிய மருத்துவமனை ஒன்றும் இரண்டு விடுதிகளும் எங்கள் வாடிக்கை. மருத்துவமனையில் துணி வாங்கி அடுக்குகிற அம்மாவுக்கு வாய் நீளம். மூட்டையில் ஈரம் இருந்தால் அதைக் காலாலேயே என் பக்கம் தள்ளுவாள். "இதுல நோயாளி படுக்கணுமா, மீன் படுக்கணுமா?" என்பாள். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதற்கென்றே என்னைப் பெற்றுப் போட்டார்களோ என்று தோன்றும்.

கீழே லாண்டரி, மாடியில் வீடு. அண்ணன் தம்பி இரண்டு பேர். பெரியவர் வாடிக்கைக்காரர்களைப் பார்த்துக்கொள்வார். சின்னவர் பாய்லரைப் பார்த்துக்கொள்வார். பெரியவரின் மனைவிதான் பெரியக்கா. ரோலர் ஓடுகிற இஸ்திரிக் கூடம் அவள் பொறுப்பு. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு, ஒரே உலை.

அவள் கல்யாணமாகி வந்தபோது சின்னவருக்கு மீசைகூட முளைக்கவில்லையாம். தாயில்லாத பிள்ளை. அவளுக்கும் பிறகு பிள்ளை பிறக்கவில்லை. அதனால் அவளுக்குக் கொழுந்தன் என்றால் கொழுந்தன், பிள்ளை என்றால் பிள்ளை. அவருக்குக் கல்யாணமாகித் தலை நரைக்கத் தொடங்கிய பிறகும், மத்தியானம் ஆனால் இஸ்திரிக் கூடத்திலிருந்து பாய்லர் அறை வரைக்கும் ஒரு குரல் போகும்.

"தம்பி, சாப்பிட்டியா?"

"ஆச்சு அண்ணி."

"பொய் சொல்லாத. டப்பா இங்க மூடினபடி இருக்கு."

கூடத்தில் இருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். சின்னவர் கை துடைத்துக்கொண்டு வந்து நிற்பார். தினமும் நடக்கிற கூத்து. அதைக் கேட்காவிட்டால் எனக்கே மத்தியானம் ஆனது தெரியாது.

அப்படிப்பட்ட வீட்டில்தான் ஆவி பிரச்சினை வந்தது. பேய் ஆவி இல்லை, நீராவி.

காலையில் பாய்லரில் ஆவி நன்றாகத்தான் ஏறும். இரண்டு ரோலரும் ஓடத் தொடங்கினால் ஆவி அழுத்தம் காட்டுகிற முள் சரசரவென்று இறங்கிவிடும். ரோலரில் சூடு பற்றாது. விரிப்பு நனைந்த மாதிரியே வெளியே வரும். வெளியே விடாத மழை, உள்ளே காயாத துணி. கூடம் முழுக்க ஈரத் துணியின் புளித்த வாசனை.

"தீ பத்தல தம்பி. என் ரோலர் காலையில இருக்கிற மாதிரி மத்தியானம் இல்ல" என்றாள் பெரியக்கா.

"தீ நல்லாத்தான் எரியுது அண்ணி. நான் கண்ணாலதான் பாக்கிறேனே. நீலமா, முழுசா எரியுது. ஆவி உங்க பக்கம்தான் எங்கயோ போகுது."

"என் பக்கம் எங்க போகும்? நான் என்ன மடியில கட்டிட்டா போறேன்?"

"அடி வால்வைத் திறந்து வைக்கிறீங்களே, அது வழியாப் போகுது."

ரோலருக்குள் ஆவி குளிர்ந்து தண்ணீராகும். அந்தத் தண்ணீரை வடிய விடுவதற்கு ரோலரின் அடியில் ஒரு சின்ன வால்வு உண்டு. பெரியக்கா அதை எப்போதும் ஒரு சுற்று திறந்தே வைத்திருப்பாள். மூடினால் உள்ளே தண்ணீர் தேங்கி மடமடவென்று இடிக்கும், விரிப்பில் ஈரத்திட்டு விழும் என்பது அவள் அனுபவம். திறந்து வைத்தால் தண்ணீரோடு கொஞ்சம் ஆவியும் புஸ்ஸென்று போகத்தான் செய்யும்.

முதலில் சிரித்துக்கொண்டு பேசிய பேச்சுதான். மருத்துவமனைக்காரர்கள் பாதித் துணியை வேறு இடத்துக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்ன பிறகு சிரிப்பு நின்றது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. சோற்றுத் தட்டு வரைக்கும் போயிற்று. கடைசியில் பெரியவர்தான் சொன்னார்.

"இவ தீ இல்லங்கிறா, அவன் ஆவி ஒழுகுதுங்கிறான். ரெண்டு பேரும் கத்தினா பாய்லருக்குக் காது கேக்கப்போகுதா? அளந்து பாக்கிற ஆளைக் கூப்பிடுங்க."

அளந்து பார்க்கிற ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தார். சின்னவரின் மச்சான், அவர் மனைவியின் அண்ணன். ஊரில் உள்ள அடுமனை, சாயப்பட்டறை, செங்கல் சூளை எல்லாவற்றுக்கும் கேஸ் பர்னர் சரிபார்க்கிறவர். எதைக் கேட்டாலும் கேஸ் அழுத்தம் அளக்கிற மில்லிபாரில்தான் பதில் சொல்வார். கூடத்துப் பெண்கள் அவருக்கு மில்லிபார் என்றே பெயர் வைத்திருந்தார்கள். நல்ல மனிதர். தொழிலில் நேர்மை. அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். அதுதான் எங்களுக்கு வினையாகப் போயிற்று.

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர் வந்தார். கையில் மரப்பெட்டி. அதற்குள் துண்டில் சுற்றி ஒரு வளைந்த கண்ணாடிக் குழாய். இரண்டு கை மேல்நோக்கி நிற்கும், அடியில் வளைவு, உள்ளே சிவப்புத் தண்ணீர், பின்னால் கோடு போட்ட பலகை. குழந்தையை இறக்குகிற மாதிரி அதை இறக்கி வைத்தார். நான் டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"இதுக்கு இவ்வளவு பாடு எதுக்கு? கேஸ் மீட்டரைப் பாத்தாத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"மீட்டர் ஒண்ணு, வாய் ரெண்டு டிரைவரண்ணே. உலர்த்துற டிரம்மும் அதே குழாய்லதான் குடிக்குது. யார் எவ்வளவு குடிச்சாங்கன்னு மீட்டர் சொல்லாது."

"டிரம்மை நிறுத்திட்டுப் பாருங்களேன்."

"ஐயையோ, டிரம்மை நிறுத்தினா நான் மருத்துவமனைக்கு என்னத்தை அனுப்புவேன்?" என்று பெரியவர் வாசலிலிருந்தே கத்தினார்.

"வேணாம், வேணாம். பர்னர் தலையில கேஸ் எவ்வளவு அழுத்தத்துல நிக்குதுன்னு பாத்தாப் போதும். அதை வச்சு எவ்வளவு எரியுதுன்னு சொல்லிடலாம்."

"அழுத்தம் ரெட்டிச்சா தீயும் ரெட்டிக்கும், அதானே மச்சான்?" என்றார் சின்னவர்.

"அங்கதான் எல்லாரும் ஏமாறுறது மாப்பிள்ளை. அழுத்தம் நாலு மடங்கானாத்தான் தீ ரெண்டு மடங்கு."

இஸ்திரிக் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்த ஒருத்தி, "எங்க வீட்டுக்காரரும் அப்படித்தாங்க. நாலு மடங்கு கத்தினாத்தான் ரெண்டு மடங்கு கேக்கும்" என்றாள். மில்லிபார்கூடச் சிரித்துவிட்டார். பெரியக்காவும் சிரித்தாள். அந்தக் கூடத்தில் அவள் சிரித்ததை நான் பார்த்தது அதுதான் கடைசி.

குழாயின் ஒரு கையை ரப்பர் டியூபால் பர்னர் தலையோடு மாட்டினார். இன்னொரு கை சும்மா திறந்து நின்றது.

"அது எதுக்கு?" என்றேன்.

"அது தீ எரியற அறையோட மாட்டணும். அறைக்குள்ளயும் கொஞ்சம் அழுத்தம் இருக்கும். அது கேஸை எதிர்த்துத் தள்ளும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு."

பாய்லரின் நெற்றியில், தீ பார்க்கிற கண்ணாடிக்குப் பக்கத்தில், அதற்கென்று ஒரு சின்னத் துளை இருந்தது. துளையை ஒரு திருகு அடைத்திருந்தது. மில்லிபார் ஸ்பேனரைப் போட்டார். அசையவில்லை. எண்ணெய் விட்டார், தட்டினார், மூச்சைப் பிடித்துத் திருப்பினார். ஸ்பேனர் வழுக்கி அவர் விரல்தான் சூட்டில் பட்டது. அதற்குள் பெரியவர் இரண்டு தடவை வந்து "ஆச்சா, ஆச்சா?" என்று கேட்டுவிட்டார்.

"சரி விடுங்க. இந்த மாதிரி அறையில என்ன இருந்துடப்போகுது? மிஞ்சினா ஒண்ணு, ஒன்றரை. நாங்க பூஜ்யம்னே வச்சுக்கிறது வழக்கம்" என்று விரலை ஊதிக்கொண்டே சொன்னார் மில்லிபார்.

டியூப் மாட்டிய இடத்திலிருந்த சின்ன வால்வைத் திறந்தார். சிவப்புத் தண்ணீர் ஒரு கையில் இறங்கி மறு கையில் ஏறி நின்றது. குனிந்து கோட்டைப் படித்தார். பெட்டி மூடியில் ஒட்டியிருந்த அட்டவணையில் விரலை ஓட்டினார்.

"இருபது. முழுத் தீ. பர்னர் மேல ஒரு குத்தமும் இல்ல."

சின்னவர் நேராக இஸ்திரிக் கூடத்துக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. பெரியக்கா ஒரு விரிப்பைக் கன்னத்தில் வைத்தபடி நின்றாள்.

"அண்ணி, மச்சான் அளந்து பாத்துட்டாரு. தீ முழுசா இருக்கு."

"சரி தம்பி. நானும் அளந்துதானே சொன்னேன்" என்று விரிப்பை அவர் பக்கம் நீட்டினாள்.

அவர் அதை வாங்கவில்லை. குனிந்து ரோலரின் அடி வால்வை இறுக மூடினார். மூடியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஸ்பேனரால் அதன் கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இனிமே இதை யாரும் தொடக் கூடாது."

யாரும் என்றால் யார்? அந்த வால்வைத் தொடுகிறவள் ஒருத்திதான். பெண்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பெரியக்கா நீட்டிய விரிப்பை மடித்தாள், ஓரம் ஓரத்தோடு சேர, எப்போதும் மடிப்பது போல. அடுக்கின் மேல் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் குரல் வரவில்லை. சின்னவரின் டப்பா மாலை வரை மூடியபடியே இருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் சொல்லவே கசப்பாக இருக்கிறது. பெரியவர் பொறுமைசாலிதான், ஆனால் பெண்டாட்டியைப் பத்துப் பேர் முன்னால் அப்படிச் செய்ததை அவரால் விழுங்க முடியவில்லை. "என் பொண்டாட்டி என்ன, ஆவியைத் திருடித் தின்னுட்டாளா?" என்று ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் தட்டைத் தள்ளினார். "நான் சொல்லல, மச்சானோட குழாய் சொல்லுது" என்றார் சின்னவர். "அப்ப அந்தக் குழாயையே சோறாக்கிப் போடச் சொல்லு" என்றார் பெரியவர். சின்னவரின் மனைவி, "அக்கா, நீங்களாவது சொல்லுங்க" என்று அழுதாள். பெரியக்கா குழம்புக் கரண்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அவ்வளவுதான் அவள் சொன்னது.

மழை விடுவதற்குள் அவர்கள் வீட்டை விட்டுப் போனார்கள். லாண்டரியைத் தம்பியே வைத்துக்கொள்ளட்டும் என்று பெரியவர் சொல்லிவிட்டார். நான்தான் வேனில் சாமான் ஏற்றினேன். ஏற்றுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு பாத்திரம், ஒரு பாய், ஒரு இஸ்திரிப் பெட்டி. சின்னவர் பாய்லர் அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவு சாத்தியிருந்தது. உள்ளே பர்னர் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது.

நன்றாக ஓடியிருந்தால் பரவாயில்லை, செய்ததற்கு ஒரு அர்த்தமாவது இருந்திருக்கும். கைப்பிடி இல்லாத வால்வு மூடியே கிடந்தது. ரோலருக்குள் தண்ணீர் தேங்கி, யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி இடித்துக்கொண்டே இருந்தது. விரிப்பு ஈரமாகவே வந்தது. புதிதாகக் கூடத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவள் எதையும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. மருத்துவமனை அம்மா மூட்டையைத் தள்ளுவதைக்கூட நிறுத்திவிட்டாள். "பெரியக்கா எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

வெயில் வந்த பிறகு, லாண்டரிக்கு விடுமுறையான ஒரு நாளில், சின்னவர் மச்சானை மறுபடியும் வரச்சொன்னார். இந்தத் தடவை அவசரமில்லை. பாய்லர் ஆறிக் கிடந்தது. மில்லிபார் அந்தத் திருகுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்தார். டீ குடித்தோம். பிறகு ஸ்பேனரைப் போட்டு மெதுவாகத் திருப்பினார். கீச்சென்று ஒரு சத்தத்தோடு திருகு அசைந்துகொடுத்தது.

துளையில் குழாய் மாட்டி, பாய்லரைப் பற்றவைத்து, தீ முழுசாக வரும்வரை காத்திருந்தார். முதலில் போன தடவை மாதிரியே ஒரு கையை மட்டும் மாட்டிப் பார்த்தார். இருபது. அதே இருபது. சின்னவர் என்னைப் பார்த்தார், நான் சொன்னேன் பார்த்தாயா என்பது போல.

பிறகு மில்லிபார் இன்னொரு கையை அறைத் துளையோடு சேர்த்தார்.

தண்ணீர் இறங்கியது. இறங்கிக்கொண்டே வந்தது. பதினொன்றில் நின்றது.

மில்லிபார் டியூபைக் கழற்றினார். தண்ணீர் இருபதுக்கு ஏறியது. மறுபடி மாட்டினார். மறுபடி பதினொன்று. மூன்றாவது முறையும் செய்து பார்த்தார்.

"என்ன மச்சான்?"

"உள்ள ஒன்பது இருக்கு மாப்பிள்ளை. ஒண்ணு, ஒன்றரைன்னேனே. ஒன்பது இருக்கு."

"அப்படின்னா?"

"வாசல்ல நின்னு ஒருத்தன் உள்ள தள்ளுறான். உள்ள இருந்து இன்னொருத்தன் வெளிய தள்ளினா, எவ்வளவு பேர் நுழைய முடியும்? கேஸை இருபதுல நிறுத்துறதுக்கு ரெகுலேட்டர் இருக்கு. அது எப்பவும் இருபதுதான் காட்டும். ஆனா எரிஞ்சது பதினொண்ணுக்கு உண்டானது."

பின்பக்கம் போய்ப் புகைபோக்கியின் அடியைத் திறந்தார். புகை போகிற வழியைக் கூட்டவும் குறைக்கவும் அங்கே ஒரு இரும்புத் தகடு உண்டு. அதைப் பிடித்திருந்த ஆணி முறிந்து தகடு பாதி வழியை அடைத்துக்கொண்டு தொங்கியது. கம்பியால் தூக்கி நிறுத்திக் கட்டினோம். குழாயில் தண்ணீர் மெல்ல ஏறிப் பதினெட்டரையில் நின்றது. பாய்லரே பெருமூச்சு விட்ட மாதிரி பர்னரின் இரைச்சல் மாறியது.

"எவ்வளவு குறைஞ்சிருந்தது?" என்று சின்னவர் கேட்டார்.

"கால் பங்கு. நாலுல மூணுதான் எரிஞ்சிருக்கு."

சின்னவர் கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பையைத் தடவினார். அந்தக் கைப்பிடி எப்போதோ அங்கிருந்து எங்கோ போயிருந்தது.

"அப்ப அண்ணி…" என்றார்.

"நான் போய்ச் சொல்லிடறேன். சொல்ல வேண்டியது நான்தான்" என்றார் மில்லிபார். "துளை திறக்கலன்னா, அளக்க முடியலன்னு சொல்லியிருக்கணும். முழுத் தீன்னு ஏன் சொன்னேன்? தங்கச்சி புருஷன் பேர்ல குத்தம் வரக் கூடாதுன்னு மனசு அந்தப் பக்கம் சாஞ்சுதோ என்னவோ. தெரியல."

மூன்று பேரும் வேனில் போனோம். கடைத்தெரு ஒன்றில் மாடி அறை. கீழே சைக்கிள் கடை. வேனை நிறுத்தினேன். சின்னவர் இறங்கவில்லை.

"நீங்க முன்னால போங்க" என்றார்.

மாடியில் பெரியக்கா ஜன்னல் ஓரமாக நின்று சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் தேய்க்கத் துணி எடுத்துவர வேறொரு லாண்டரிக்குப் போயிருந்தார். சாப்பாட்டு நேரம். அடுப்பின் மேல் சோறு மூடி இருந்தது. எங்களைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"வாங்க, வாங்க. டிரைவரண்ணே, உக்காருங்க."

மில்லிபார் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். திருகு, துளை, இருபது, ஒன்பது, பதினொன்று. மனிதர் ஒன்றையும் மறைக்கவில்லை. பெரியக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"கால் பங்குதானா? நான் பாதின்னு நெனச்சேன்" என்றாள்.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்படிச் சொல்லாதீங்க. வால்வை நானும் திறந்துதான் வச்சிருந்தேன். கொஞ்சம் ஆவி போயிருக்கும். தம்பி சொன்னதுல அந்த அளவுக்கு உண்மை இருக்கு." காலரை இழுத்து நேராக்கினாள். "நீங்க அளந்தது தப்பாப் போச்சு, அது தொழில். யாருக்கும் வரும். அது எனக்கு அன்னைக்கே பெருசா படல. அளந்து முடிச்சதும் அவன் என் கையில இருந்த துணியைத் தொட்டுக்கூடப் பாக்கல. அதைத்தான் தாங்க முடியல."

கீழே சைக்கிள் கடையில் யாரோ டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவன் வந்திருக்கானா?" என்று கேட்டாள்.

"வேன்ல இருக்காரு. கூப்பிடட்டுமா?" என்று எழுந்தேன். இதோ, எல்லாம் சரியாகிவிடப்போகிறது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவள் ஜன்னல் பக்கம் இரண்டடி வைத்தாள். வைத்தவள் நின்றுவிட்டாள். எட்டிப் பார்க்கவில்லை.

"வேணாம் அண்ணே. கூப்பிடாதீங்க. வந்து நின்னான்னா சாப்பிட்டியான்னு கேட்டுருவேன்."

சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். சட்டையின் முதுகில் வைத்து அழுத்தி இழுத்தாள். ஆவி எழுந்து அவள் முகத்தை மறைத்தது. நாங்கள் இறங்கி வந்தோம்.

சின்னவர் வேனின் கதவைப் பாதி திறந்து வைத்துக் காத்திருந்தார்.

"என்னைக் கேட்டாங்களா?"

"வந்திருக்கானான்னு கேட்டாங்க" என்றார் மில்லிபார்.

"அப்புறம்?"

மில்லிபார் இனி அளக்காததைச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தார் போல. அவள் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

சின்னவர் கதவை முழுசாகத் திறந்தார். ஒரு காலைத் தரையில் வைத்தார். அப்படியே மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"கோவமா இருந்தாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லையே" என்றேன்.

அந்தக் காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். கோபமாக இருந்தாள் என்று சொல்லியிருந்தால் இறங்கிப் போயிருப்பார்.